வீட்டிலேயே டைமிங் பெல்ட் மாத்துறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

சொந்த வண்டியோட டைமிங் பெல்ட்ட தானே மாத்தணும்னு நினைக்கிறவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள இங்க ஒரே இடத்துல சேர்த்திருக்கேன். உங்க எஞ்சினுக்கான ஒர்க்‌ஷாப் மேனுவலுக்கு இது மாற்று இல்ல, அது கையில இருக்கணும், இது அதோட சேர்த்து படிக்கறதுக்கு.

முன்னாடி தெரியுற ஃபேன் பெல்ட்டும் டைமிங் பெல்ட்டும் ஒண்ணா?

இல்லங்க. வெளிய தெரியுற பெல்ட் ஆல்டர்னேட்டர், ஏசி, பவர் ஸ்டியரிங்னு பக்கத்துல இருக்கறத ஓட்டுறது, அது அறுந்தா பேட்டரி லைட் எரியும், ஸ்டியரிங் கனமாகும், எஞ்சின் சூடாகலாம், உடனே ஓரம் கட்டிட்டா பெரும்பாலும் தப்பிச்சிடலாம். டைமிங் பெல்ட் பிளாஸ்டிக் கவருக்குள்ள ஒளிஞ்சிருக்கும், உள்பக்கம் பல்லு பல்லா இருக்கும், கீழ இருக்கற, பிஸ்டன்கள் சுத்த வைக்கிற கிராங்க் ஷாஃப்டையும் மேல இருக்கற, வால்வுகள திறந்து மூட வைக்கிற கேம் ஷாஃப்டையும் கட்டி வெச்சிருக்கறது அதுதான். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து. மீட்டர்ல 3000 ஆர்பிஎம் காட்டும்போது கேம் 1500 சுத்துது, அதாவது ஒவ்வொரு வால்வும் ஒரு செகண்டுக்கு 25 தடவை திறந்து மூடுது, அதே நேரத்துல பிஸ்டன் 50 தடவை மேல வந்துட்டுப் போகுது. இந்த ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொடாம பாத்துக்கறது அந்த ரப்பர் பெல்ட் மட்டும்தான்.

ரப்பர் பெல்ட்ட நம்பி எஞ்சினையே விட்டிருக்காங்களா?

சும்மா ரப்பர் இல்ல, உள்ள கண்ணாடி இழைக் கயிறு நீளவாக்குல ஓடுது, இழுவைய தாங்கறது அதுதான். வெளிய சூடும் எண்ணெயும் ஓரளவு தாங்குற ரப்பர். 1962-ல ஜெர்மனியில வந்த கிளாஸ் 1004 கார்தான் இத முதல்ல கொண்டுவந்த தயாரிப்பு வண்டி, அதுக்கு முன்னாடி செயின் இல்லன்னா கியர்தான். சத்தம் கம்மி, எடை கம்மி, எண்ணெய் ஊத்த வேண்டாம், அதனால பரவுச்சு. ஒரே குறை, ஆயுசு எண்ணி வெச்சது.

அறுந்தா என்ன ஆகும்?

எஞ்சின் ரெண்டு வகை. ஒரு வகையில வால்வ் முழுசா கீழ இறங்கி நின்னாலும் பிஸ்டன் மேல வர்றப்ப தொடாது, அந்த வண்டி அப்படியே நின்னு போகும், புது பெல்ட் மாட்டினா திரும்ப ஓடும். இன்னொரு வகையில ரெண்டும் ஒரே இடத்த வேற வேற நேரத்துல பயன்படுத்துது, இத இன்டர்ஃபியரன்ஸ் எஞ்சின்னு சொல்வாங்க, இதுல பெல்ட் போனா பிஸ்டன் வந்து வால்வ இடிச்சு வளைச்சிடும், சில நேரம் பிஸ்டன்லயே ஓட்டை விழும், ஹெட்ட (எஞ்சினோட மேல் பாகம், வால்வெல்லாம் இருக்கற இடம்) இறக்காம வேலை முடியாது. இப்ப ஓடுற எஞ்சின்கள்ல நிறைய இந்த ரெண்டாவது வகைதான், டீசல்னா கிட்டத்தட்ட எல்லாமே. உங்களோடது எதுன்னு உறுதியா தெரியலைன்னா ரெண்டாவது வகைன்னே வெச்சு வேலை பாருங்க.

எத்தனை கிலோமீட்டர்ல மாத்தணும்?

வண்டிக்கு வண்டி வேற, 60,000-ல மாத்தச் சொல்றதும் உண்டு, 1,60,000 வரைக்கும் விடறதும் உண்டு, உங்க மேனுவல் சொல்றதுதான் கணக்கு. ஆனா அந்த நம்பர் பக்கத்துலயே வருஷக் கணக்கும் இருக்கும், அத நிறைய பேர் படிக்கறதே இல்ல. வண்டி ஓடினாலும் நின்னாலும் ரப்பர் கெட்டியாகிட்டேதான் இருக்கு, வருஷத்துக்கு 5000 கிலோமீட்டர் ஓடுற வண்டி கிலோமீட்டர் கணக்குல எப்பவுமே புதுசாத்தான் தெரியும், பெல்ட் பத்து வருஷம் பழசா இருக்கும். ரெண்டுல எது முன்னாடி வருதோ அதுதான். பழைய வண்டி வாங்கி, பெல்ட் மாத்தினதுக்கு ஆதாரம் இல்லன்னா, மாத்தலைன்னு எடுத்துக்கறதுதான் சரி, வித்தவர் வாய்ச்சொல்ல வெச்சு எஞ்சின பணயம் வைக்காதீங்க.

அறுந்து போறதுக்கு முன்னாடி ஏதாச்சும் சத்தம் வருமா?

பெல்ட்டுல இருந்து பெரும்பாலும் வராது, நல்லா ஓடிட்டிருக்கும்போதே போயிடும். டென்ஷனர் (பெல்ட்ட இறுக்கிப் பிடிக்கிறது) பேரிங், ஐட்லர் (பெல்ட்ட வழி நடத்துற சும்மா சுத்துற புல்லி) பேரிங், வாட்டர் பம்ப் இதுங்கதான் முன்கூட்டி முனகும், கவர் பக்கத்துல இருந்து விசில் மாதிரியோ அரைக்கிற மாதிரியோ வந்தா அலட்சியமா விடாதீங்க. மேல் கவர கழட்டிப் பாக்கலாம்தான், வெடிப்பு இருந்தா, முதுகு பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆகியிருந்தா, எண்ணெய் பட்டிருந்தா உடனே மாத்தணும். ஆனா பாக்க நல்லா இருக்குங்கறது மாத்தாம இருக்கறதுக்குக் காரணமே இல்ல, புது வகை ரப்பர் வெடிப்பே காட்டாம உள்ள தேய்ஞ்சு போகும்.

என் வண்டியில பெல்ட்டா செயினான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

மேனுவல்ல பராமரிப்பு அட்டவணை பாருங்க. பக்கவாட்டுல கிளிப்பும் சின்ன போல்ட்டும் போட்ட பிளாஸ்டிக் கவர் இருந்தா பெரும்பாலும் பெல்ட், எண்ணெய் கசியாதபடி சீல் பண்ணின உலோகக் கவர்னா பெரும்பாலும் செயின். ஆனா எண்ணெய்க்குள்ளயே ஓடுற பெல்ட்டும் இருக்கு, ஃபோர்டோட 1.0 லிட்டர் ஈக்கோபூஸ்ட், பியூஜோ சித்ரோன் கார்கள்ல வந்த 1.2 பியூர்டெக் அந்த மாதிரி. அதுல மேனுவல் சொன்ன எண்ணெய்தான் ஊத்தணும், தப்பான எண்ணெய் ரப்பர கரைச்சு அந்தத் தூள் கீழ ஆயில் வடிகட்டி வலையில போய் அடைக்கும். அந்த வகை வண்டிக்கு கீழ சொல்றதுல பாதி பொருந்தாது.

முன்ன பின்ன வேலை பாக்காதவன், நான் இத பண்ணலாமா?

பிரேக் பேட், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் மாதிரி ஏதாவது கழட்டி மாட்டியிருக்கீங்கன்னா, ஒரு நாள் முழுசா வண்டி தேவைப்படாதுன்னா, பண்ணலாம். இதுல கை பலமும் பெரிய திறமையும் வேண்டாம், பொறுமைதான் வேணும். டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் போல்ட்ட இறுக்குற ஸ்பானர்) இதுவரைக்கும் பிடிச்சதே இல்லன்னா இத முதல் வேலையா எடுக்காதீங்க. ஃபோர்டோட சில எஞ்சின்கள்ல கிராங்க் புல்லிய (கிராங்க் முனையில இருக்கற சக்கரம்) நழுவாம பிடிக்கிற கீ, அதாவது சின்ன உலோக ஆப்பு, கிடையாது, போல்ட் இறுக்கத்துலதான் பிடிச்சு நிக்கும், அந்த மாதிரி எஞ்சினுக்கு ஷாஃப்ட்ட சரியான இடத்துல நிறுத்தி வைக்கிற லாக்கிங் டூல் செட் இல்லாம கைவெச்சா முடிஞ்சுது.

பெல்ட் மட்டும் மாத்தினா போதாதா?

போதாது, இதுல நான் பிடிவாதமா இருப்பேன். பெல்ட்ட மாத்தறதுல முக்கால்வாசி நேரம் அது வரைக்கும் போய்ச் சேர்றதுலதான் போகுது, போய்ச் சேர்ந்தப்புறம் அங்க இருக்கற மத்த சாமான்களும் அதே கிலோமீட்டர் ஓடினதுதான். டென்ஷனர், ஐட்லர் புல்லிகள், டைமிங் பெல்ட்டே ஓட்டுற வாட்டர் பம்ப்னா அதுவும், கேம் சீல், கிராங்க் முன்பக்க சீல் (எண்ணெய் கசியாம தடுக்கற வளையங்கள்), இதெல்லாம் சேர்த்துத்தான் ஒரு வேலை. புது பெல்ட்ட பழைய ஐட்லர்ல ஓட்டி அந்த பேரிங் பிடிச்சுக்கிட்டா புது பெல்ட்டும் அறுந்துதான் போகும். சீல்ல இருந்து எண்ணெய் கசிஞ்சா அது நேரா பெல்ட்டுல விழும், எண்ணெய்ல ஊறின பெல்ட்டுக்கு ஆயுசு சொல்ல முடியாது. பம்ப் இன்னிக்கு ஒழுகலைன்னு விட்டுட்டா நாளைக்கு அதுக்காகவே இத்தனையும் திரும்ப கழட்டணும். நான் ஒரு தடவை சீல் நல்லாத்தானே இருக்குன்னு விட்டேன், கொஞ்ச மாசத்துல கவருக்கு கீழ எண்ணெய் சொட்டு தெரிஞ்சுது, மொத்த வேலையும் முதல்ல இருந்து. கிராங்க் போல்ட்டும் பல வண்டிகள்ல ஒரு தடவைதான் பயன்படுத்தணும், இறுக்கும்போதே நீளுற வகை அது, மேனுவல் புதுசு போடச் சொன்னா புதுசு போடுங்க.

என்னென்ன டூல் வேணும்?

சாக்கெட் செட், நீளமான பிரேக்கர் பார் (கெட்டியான போல்ட்ட கழட்டுற கைப்பிடி), ரெண்டு டார்க் ரெஞ்ச் (சின்ன போல்ட்டுக்கு ஒண்ணு, பெருசுக்கு ஒண்ணு), ஜாக், நம்பிக்கையான ஸ்டாண்ட், உங்க எஞ்சினுக்கான கிராங்க் புல்லி பிடிக்கிற டூல், லாக்கிங் பின் கேக்குற எஞ்சின்னா அந்த செட். வெள்ளை பெயின்ட் பேனா, நல்ல லைட், கழட்டுற போல்ட்ட தனித்தனியா போட டப்பா. ஒவ்வொரு கட்டத்துலயும் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க, மூணு மணி நேரம் கழிச்சு இந்த பிராக்கெட் எந்தப் பக்கம்னு நிக்கறப்ப அதுதான் கைகொடுக்கும். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டெல்லாம் 10 நியூட்டன் மீட்டர் சுத்துப்பட்டுலதான் இருக்கும், கைக்கு லூசாத்தான் தோணும், இன்னும் கொஞ்சம்னு முடுக்கினா உள்ளேயே உடையும்.

எதுல இருந்து ஆரம்பிக்கறது?

எஞ்சின் முழுசா ஆறினப்புறம். பேட்டரி மைனஸ கழட்டுங்க, முன் சக்கரத்த எடுத்து வண்டிய ஸ்டாண்டுல நிறுத்துங்க, ஜாக்க மட்டும் நம்பி கீழ போகவே கூடாது. நிறைய வண்டிகள்ல பெல்ட் பக்கத்து எஞ்சின் மவுண்ட்ட கழட்டணும், அதுக்கு முன்னாடி ஆயில் பேன் அடியில மரக்கட்டை வெச்சு ஜாக்கால லேசா தாங்கிக்கோங்க, கட்டை இல்லாம வெச்சா பேன் நசுங்கும். பெட்ரோல் எஞ்சின்னா ஸ்பார்க் பிளக்க எடுத்துடுங்க, கம்ப்ரஷன் இல்லாம கையால சுத்தறது சுலபமா இருக்கும், எங்கயாவது தட்டினாலும் கைக்கு உடனே தெரியும்.

கிராங்க் போல்ட் கழலவே மாட்டேங்குது, செல்ஃப் அடிச்சு கழட்டலாமா?

பிரேக்கர் பார தரையில முட்டு கொடுத்து செல்ஃப் அடிக்கிற வழிய நிறைய பேர் சொல்வாங்க, நான் சொல்ல மாட்டேன். அந்த பார் எங்க பறக்கும்னு யாருக்கும் தெரியாது, அந்த நேரத்துல எஞ்சின் ஸ்டார்ட் ஆகிட்டா பக்கத்துல நிக்கறவங்க நிலைமை மோசம். புல்லி பிடிக்கிற டூல மாட்டி, நீளமான பாரால நிதானமா அழுத்துங்க, இம்பாக்ட் கன் இருந்தா வேலை சீக்கிரம். மேனுவல் கியர் வண்டின்னா டாப் கியர்ல போட்டு ஒருத்தர் பிரேக்க மிதிச்சுப் பிடிச்சா சில நேரம் போதும். லாக்கிங் பின்னையோ பழைய பெல்ட்டையோ வெச்சு எஞ்சின பிடிச்சு நிறுத்தி இந்த போல்ட்ட கழட்டாதீங்க, பின் இருக்கறது இடத்த காட்டறதுக்கு, பலம் தாங்கறதுக்கு இல்ல. போல்ட் வந்தப்புறம் புல்லியோட வெளி விளிம்புல புல்லர் மாட்டி இழுக்காதீங்க, நடுவுல ரப்பர் இருக்கு, பிஞ்சு வந்துடும்.

மார்க் செட் பண்றது எப்படி? இங்கதான் எனக்கு பயம்.

பயப்பட வேண்டிய இடம் இதுதான், அதனால மெதுவா போவோம். முதல் சிலிண்டர் பிஸ்டன் உச்சியில நிக்கற இடம், டாப் டெட் சென்டர்னு சொல்றது, பெரும்பாலான எஞ்சின்கள்ல அந்த நிலையில கிராங்க் பல்சக்கரத்துல இருக்கற குறி ஆயில் பம்ப் உடம்புல இருக்கற குறியோட நேரா வரும், கேம் பல்சக்கரத்துக் குறி ஹெட்டுல இருக்கற கோட்டோட நேரா வரும். கிராங்க எஞ்சின் ஓடுற திசையில மட்டும் சுத்துங்க, புல்லி பக்கம் நின்னு பாத்தா பெரும்பாலும் வலஞ்சுழி, பழைய ஹோண்டா எஞ்சின்கள் நிறைய இடஞ்சுழி. குறிய தாண்டிப் போயிட்டா பின்னாடி திருப்பாதீங்க, இன்னும் ரெண்டு சுத்து சுத்தி திரும்ப வாங்க.

கிராங்க் குறி சரியா வந்து கேம் குறி நேரெதிர்ப் பக்கம் நிக்குதுன்னா எதுவும் கெட்டுப்போகல, கிராங்க் ரெண்டுக்கு கேம் ஒண்ணுன்னு சொன்னேன்ல, கிராங்க இன்னும் ஒரு முழு சுத்து சுத்துங்க, வந்து நிக்கும்.

ரெண்டு ஏமாத்து வேலை இருக்கு. ஒண்ணு, வெளிப் புல்லியில இருக்கற குறி வேற, உள்ள பல்சக்கரத்துல இருக்கற குறி வேற, புல்லிக் குறி இக்னிஷன் டைமிங் பாக்கறதுக்கும் இருக்கும், அதுலயே நாலஞ்சு கோடு இருக்கும், பெல்ட்டுக்கு பல்சக்கரக் குறிதான். இன்னொண்ணு, எல்லா எஞ்சினும் டாப் டெட் சென்டர்ல வெச்சு மாட்டறது இல்ல, சுபாருவோட பழைய பாக்ஸர் எஞ்சின்ல கிராங்க் சக்கரத்துல அம்புக்குறியும் இருக்கும், பல்லு ஓரத்துல சின்னக் கோடும் இருக்கும், பெல்ட் மாட்டறதுக்கு அந்தக் கோடுதான், அப்ப பிஸ்டன் எல்லாம் பாதி வழியில நிக்கும். அம்பப் பாத்து மாட்டினவங்க நிறைய பேர் கஷ்டப்பட்டிருக்காங்க. இதுக்குத்தான் மேனுவல்ல உங்க எஞ்சின் படத்தப் பாக்காம ஆரம்பிக்காதீங்கன்னு சொல்றேன்.

பழைய பெல்ட்டுல பெயின்ட் கோடு போட்டு அத புதுசுல அப்படியே காப்பி பண்ணினா போதாதா?

கூடுதல் காப்பா வெச்சுக்கோங்க, அதையே நம்பாதீங்க. முன்னாடி மாத்தினவர் ஒரு பல் தப்பா விட்டிருந்தா நீங்களும் அந்தத் தப்பையே காப்பி பண்ணுவீங்க. கோடுகளுக்கு நடுவுல எத்தனை பல்லுன்னு பழசுலயும் புதுசுலயும் எண்ணிப் பாருங்க, மொத்தப் பல்லும் அகலமும் ஒண்ணான்னும் பாருங்க, கடையில தப்பான பெல்ட் கொடுத்திருந்தா இங்கயே பிடிபடும்.

பெல்ட்ட எடுத்ததும் கேம் டக்குனு தானா திரும்பிடுச்சு, போச்சா?

வால்வ் ஸ்பிரிங் தள்ளுறதால சில எஞ்சின்ல, முக்கியமா வி6-ல, அப்படி ஆகும். பதறி உடனே பலமா திருப்பாதீங்க. மேனுவல்ல வேற வழி சொல்லலைன்னா கிராங்க ஓடுற திசைக்கு எதிரா கால் சுத்துக்குக் கொஞ்சம் கம்மியா பின்னாடி திருப்பினா பிஸ்டன் எல்லாம் உச்சியில இருந்து இறங்கி நிக்கும், பெல்ட் இல்லாத இந்த நேரத்துல மட்டும் பின்னாடி திருப்பறது தப்பில்ல, அப்புறம் கேம ஸ்பானர் போட்டு மெதுவா குறிக்கு கொண்டுவந்து, கடைசியா கிராங்க குறிக்கு கொண்டுவாங்க. எங்கயாவது கெட்டியா முட்டினா நிறுத்திடுங்க, அழுத்தாதீங்க.

புது பெல்ட்ட மாட்டறதுக்கு ஏதாச்சும் வரிசை இருக்கா?

இருக்கு. கிராங்க்ல ஆரம்பிச்சு, டென்ஷனர் இல்லாத பக்கமா தொய்வு இல்லாம இழுத்துப் பிடிச்சு கேம் மேல ஏத்துங்க, தொய்வு எல்லாம் டென்ஷனர் பக்கம் வந்து சேரணும். பெல்ட்ட மடிக்காதீங்க, முறுக்காதீங்க, உள்பக்கத்த வெளிய திருப்பாதீங்க, ஸ்குரூ டிரைவர் வெச்சு நெம்பி ஏத்தாதீங்க, உள்ள இருக்கற கண்ணாடி இழை ஒடிஞ்சா வெளிய எதுவும் தெரியாது, ரோட்டுலதான் தெரியும். அம்புக்குறி இருந்தா ஓடுற திசைக்கு வைங்க. எண்ணெய்க் கையால தொடாதீங்க.

டென்ஷன் எவ்வளவு வைக்கணும்?

வகையப் பொறுத்தது. ஸ்பிரிங் வகைன்னா குறிமுள்ள மேனுவல் சொன்ன இடத்துக்கு கொண்டுவந்து நட்ட இறுக்கணும். எண்ணெய் அழுத்த வகைன்னா அத வைஸ்ல நிமிர்த்தி வெச்சு மெதுவா, ரொம்ப மெதுவா, அழுத்தி ஓட்டையில பின் சொருகணும், வேகமா அழுத்தினா உள் சீல் போயிடும், புதுசு பின்னோடவே வரும். எல்லாம் மாட்டி குறி சரிபாத்தப்புறம்தான் பின்ன உருவணும். இறுக்கமா இருந்தா நல்லதுன்னு கூடுதலா வெச்சா பேரிங்கும் பம்ப்பும் சீக்கிரம் போகும், லூசா விட்டா பல்லு தாண்டும்.

எல்லாம் மாட்டியாச்சு, குறி சரியா இருக்கு, ஸ்டார்ட் பண்ணலாமா?

கூடாது! இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதில் படிக்கறவங்க இத படிங்க. சாக்கெட்ட கிராங்க் போல்ட்டுல மாட்டி கையால ரெண்டு முழு சுத்து சுத்துங்க, ஓடுற திசையில, நிதானமா. ரெண்டு சுத்துக்கு அப்புறம் எல்லாக் குறியும் திரும்ப நேரா வந்து நிக்கணும், முடி அளவு தள்ளி நின்னாலும் ஏத்துக்காதீங்க, கழட்டி திரும்ப மாட்டுங்க. பெல்ட் நிக்கும்போது குறி சரியா தெரியும், டென்ஷன் ஏறினதும் தொய்வு இழுபட்டு ஒரு பல் நகரும், அது சுத்தினாத்தான் தெரியும். நடுவுல எங்கயாவது கெட்டியா தட்டினா அங்கயே நிறுத்துங்க, கையால மெதுவா சுத்தறப்ப வால்வ் பிஸ்டன தொட்டதும் நிறுத்திட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, அதையே செல்ஃப் சுத்தினா வளைஞ்சிடும். நான் ரெண்டோட நிக்கறது இல்ல, ரெண்டு ரெண்டா மூணு தடவை, ஆறு சுத்து பாக்கறேன், அதுக்கு ஆகுற நேரம் அஞ்சு நிமிஷம்.

சுத்திப் பாத்தேன், ஆனா பெல்ட் மேல இருக்கற வெள்ளைக் கோடு குறியோட சேரலையே?

சேராது, கவலைப்படாதீங்க. பெல்ட்டுல இருக்கற கோடு மாட்டும்போது மட்டும்தான் உதவி, பெல்ட்டோட பல்லு எண்ணிக்கையும் சக்கரத்துப் பல்லும் முழுசா வகுபடாது, அதனால கோடு ஒவ்வொரு சுத்துக்கும் தள்ளிப் போகும், திரும்ப சேர நிறைய சுத்து ஆகும். சக்கரக் குறிய மட்டும் பாருங்க.

ஒரு பல் தள்ளிப்போச்சுன்னா அவ்ளோ பெரிய விஷயமா?

கணக்குப் போட்டுப் பாருங்க. கேம் சக்கரத்துல 48 பல்லு இருந்தா ஒரு பல் 7.5 டிகிரி, கிராங்க் கணக்குல 15 டிகிரி. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனா ஐடிலிங் நடுங்கும், இழுவை இருக்காது, நிறைய வண்டிகள்ல செக் எஞ்சின் லைட் வந்து பி0016-ங்கற பிழை எண் காட்டும், கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகலன்னு அர்த்தம். சில எஞ்சின் ஒரு பல்ல தாங்கும், ரெண்டு மூணு பல்லுன்னா இடிக்கிற எஞ்சின்ல வால்வ் போகலாம்.

டீசல்ல வேற ஏதாச்சும் பாக்கணுமா?

பல டீசல்ல இன்ஜெக்ஷன் பம்ப்பையும் இதே பெல்ட்தான் ஓட்டும், அதுக்கும் தனிக் குறி உண்டு. மிட்சுபிஷி 4ஜி63 மாதிரி பேலன்ஸ் ஷாஃப்ட் (எஞ்சின் அதிர்வ குறைக்கிற தண்டு) இருக்கற எஞ்சின்ல, அது பெட்ரோல்தான் ஆனா இங்கயே சொல்லிடறேன், ரெண்டாவதா சின்ன பெல்ட் ஒண்ணு உண்டு, அதையும் மாத்தணும், பிளாக்குல இருக்கற ஓட்டை வழியா ஸ்குரூ டிரைவர விட்டு ஷாஃப்ட் சரியான பக்கம் நிக்குதான்னு பாக்கணும், இல்லன்னா குறி சரியா இருந்தும் எஞ்சின் உதறும்.

வாட்டர் பம்ப் மாத்தினப்புறம் சூடாகுது, ஏன்?

காத்து மாட்டியிருக்கும். பழைய கேஸ்கெட்ட சுத்தமா சுரண்டி, மேனுவல் சொன்ன கூலன்ட்ட மெதுவா ஊத்தி, ஏர் போறதுக்கு திருகு இருந்தா அத திறந்து, ஹீட்டர முழுசா வெச்சு ஓட்டி, தெர்மோஸ்டாட் திறக்கற வரைக்கும் நின்னு பாருங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய திறக்காதீங்க.

முதல் ஸ்டார்ட்ல என்ன கவனிக்கணும்?

சத்தம் சீரா இருக்கணும். ஊளையிடற மாதிரி வந்தா பெல்ட் ஓவர் டைட், கவர்ல தட்டுற மாதிரி வந்தா லூஸ் இல்லன்னா கவர் சரியா உக்காரல, உடனே ஆஃப் பண்ணிப் பாருங்க. பேட்டரி கழட்டினதால ஐடிலிங் கொஞ்ச நேரம் ஏறி இறங்கும், தானா சரியாகும். முதல் 100 கிலோமீட்டர் பக்கத்துலயே ஓட்டி, கீழ எண்ணெய், கூலன்ட் சொட்டுதான்னு பாருங்க. கவர்ல தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஸ்டிக்கர் ஒட்டிடுங்க.

பழைய பெல்ட்ட தூக்கிப் போட்டுடலாமா?

அதுக்கு முன்னாடி வெளிச்சத்துல வெச்சு ஒரு தடவை நிதானமா பாருங்க. ஒரு ஓரம் மட்டும் நூல் நூலா தேய்ஞ்சிருந்தா ஏதோ ஒரு புல்லி கோணலா நிக்குது, புது பெல்ட்டும் அதே ஓரத்துல தேயும். பல்லு அடியில வெடிப்புன்னா வயசு. ஒரு இடத்துல மட்டும் பல்லு பிஞ்சிருந்தா ஏதோ ஒண்ணு சுத்தாம பிடிச்சிருக்கு, பம்ப்பையும் கேமையும் கையால சுத்திப் பாருங்க. எண்ணெய்க் கறை இருந்தா எந்த சீல் பக்கம்னு பாத்து அத மாத்தினீங்களான்னு உறுதி பண்ணிக்கோங்க, கவர மூடறதுக்கு முன்னாடியே.